கேளாமையும் இன்மையும்

பெட்ரோல் என்ஜினின் சிலிண்டர் பிளாக்கில் ஒரே ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும் சிறிய வட்டக் கருவி நாக் சென்சார். சிலிண்டருக்குள் எரிபொருள் முறை தவறி எரிகிறதா என்பதை என்ஜின் கணினிக்குத் தெரிவிப்பது அதன் வேலை. ஆனால் அது எரிவதைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தை அளப்பதில்லை, சூட்டை உணர்வதும் இல்லை. உலோகத்தின் வழியாக வரும் அதிர்வு ஒன்றுதான் அதற்கு எட்டுகிறது. அந்த அதிர்விலிருந்து உள்ளே நடந்ததைக் கணினி ஊகிக்கிறது. அதிர்வு வராதபோது உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்றும் ஊகிக்கிறது. இரண்டும் ஒரே மாதிரியான ஊகங்களாகத் தோன்றினாலும் இரண்டாவது மிகவும் கடினமானது. ஒன்றைக் கேட்கவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்று எப்போது முடிவு கட்டலாம்? இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடிய கேள்வி இது. கடவுள் உண்டா, முற்றும் உணர்ந்தவர் என்று ஒருவர் இருக்க முடியுமா என்ற வாதங்களிலும் இதுவே நடுவில் நின்றது. சென்சாரை எப்போது மாற்றுவது என்ற ஒர்க்‌ஷாப் கேள்வியும் இதற்குள்தான் அடங்குகிறது.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. பொறியிலிருந்து கிளம்பும் தீ ஒழுங்காகப் பரவி, நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அறை முழுவதையும் எரித்து முடிக்க வேண்டும். தீ முன்னேறும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் நிற்கும் கலவை மேலும் நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. சூடு எல்லை கடந்தால், தீ வந்து சேரும் முன்னரே அந்த மிச்சக் கலவை தானாகவே, கிட்டத்தட்ட ஒரே கணத்தில், பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவர்களுக்கு இடையே மாறி மாறி மோதுகின்றன. மேட்டில் ஏறும்போதோ, டாப் கியரில் வேகம் குறைந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ கேட்கும் கணகணவென்ற சத்தம் அதுதான். மெக்கானிக்குகள் ‘என்ஜின் நாக் அடிக்குது’ என்பார்கள்.

எப்போதாவது லேசாக அடித்தால் கெடுதி பெரிதில்லை. தொடர்ந்து பலமாக அடித்தால், பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டி நின்று அதைச் சூட்டிலிருந்து காக்கும் மெல்லிய வாயுப் படலம் கலைந்துபோகிறது. எரியும் வாயுவின் வெப்பம் நேரே அலுமினியத்தில் இறங்குகிறது. பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும், ரிங் உட்காரும் வரம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

அழுத்த அலை மோதும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சிலிண்டரின் விட்டமும் எரியும் வாயுவில் ஒலி செல்லும் வேகமும் தெரிந்தால் நாக்கின் அதிர்வெண்ணை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் 1930களில் இதை வகுத்துக் காட்டினார். பின்னாளில் அப்போலோ விண்கலங்களை நிலவுக்கு வழிநடத்திய கருவிகளை உருவாக்கிய ஆய்வகத்தின் தலைவர் இவர்தான். 86 மிமீ விட்டமுள்ள சிலிண்டரில் நாக் சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். 74 மிமீ என்றால் சுமார் 7.5 கிலோஹெர்ட்ஸ். சிறிய சிலிண்டருக்குக் கீச்சுக் குரல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவைப் போல இந்த ஒலிக்கும் உள்ளே நடக்கும் வெடிப்புக்கும் ஓர் உறுதியான உறவு இருப்பதால்தான், வெளியிலிருந்து கேட்டு உள்ளிருப்பதைச் சொல்வது சாத்தியமாகிறது. நியாயம் என்ற இந்தியத் தத்துவ மரபு இந்த உறவை வியாப்தி என்கிறது. அது இல்லாமல் அனுமானம் இல்லை.

வியாப்தியைத் தவறாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாக்கின் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டரும் மின்பொறி ஏற்பாடும் வந்த பிறகு, நாக் அடிப்பதற்கு அந்த ஏற்பாடே காரணம் என்று பழி எழுந்தது. கெட்டரிங் தன் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியை ஆராயச் சொன்னார். பொறி விழுவதற்கு முன்பல்ல, விழுந்த பிறகே நாக் வருகிறது என்று மிட்ஜ்லி கண்டார். எரிபொருள் சரியாக ஆவியாகாததே காரணம் என்று இருவரும் எண்ணினார்கள். பனி விலகும் முன்னரே பூக்கும் ஒரு செடியின் இலைகள் சிவந்திருப்பது நினைவுக்கு வர, சிவப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சும், ஆகவே எரிபொருளைச் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகும் என்று கருதினார்கள். 1916இல் மிட்ஜ்லி சாயம் தேடியபோது கையில் கிடைத்தது அயோடின். அதை மண்ணெண்ணெயில் கலந்தார், நாக் குறைந்தது. ஊகம் மெய்ப்பட்டதுபோல் இருந்தது. அடுத்து உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது ஒன்றும் நிகழவில்லை. வேலை செய்தது அயோடின். நிறத்துக்கு அதில் பங்கே இல்லை.

இப்படி ஊடே ஒளிந்திருந்து உறவைப் பொய்யாக்கும் நிபந்தனையை நியாய நூல்கள் உபாதி என்கின்றன. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவர் சொன்னால், ஈர விறகு இருந்தால்தான் புகை வரும் என்பது அங்கே மறைந்திருக்கும் உபாதி. மிட்ஜ்லியின் பெருமை, ஊகம் பலித்தபோதும் உபாதியைத் தேடி மறுபடி சோதித்ததில் இருக்கிறது. அந்த வழியே போய் 1921 டிசம்பரில் அவர் கண்டது டெட்ராஎத்தில் ஈயம். நாக் அடங்கியது. ஆனால் ஈயம் நஞ்சு என்பது அன்றும் தெரிந்திருந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் விலையை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் உலகம் மூச்சில் செலுத்தியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்.

எரிபொருளால் நாக்கை அடக்குவது ஒரு வழி. நாக்கைக் கேட்டு என்ஜினைத் திருத்துவது வேறு வழி. இரண்டாவது வழி 1970களின் இறுதியில் டர்போ என்ஜின்களோடு வந்தது. ப்யூயிக் 1978இலும், ஸ்வீடனின் சாப் சில ஆண்டுகள் கழித்தும் நாக் சென்சாரைத் தயாரிப்புக் கார்களில் பொருத்தின. பிறகு அது சாதாரணக் கார்களிலும் பரவியது.

கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவே அதன் அடிப்படை. குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னேற்றம் தோன்றும். சென்சாருக்குள் வளையம்போன்ற ஒரு பீங்கான் வில்லையும் அதன்மேல் ஓர் உலோக எடையும் இருக்கின்றன. பிளாக் அதிரும்போது எடை பின்தங்கி வில்லையை அழுத்துகிறது; அழுத்தத்துக்கு ஏற்ப சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. பெரும்பாலான சென்சார்களில் உள்ள பீங்கான், ஈயம், ஜிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த கூட்டுப்பொருள். பெட்ரோலிலிருந்து துரத்தப்பட்ட ஈயம், நாக்கை ஒட்டுக்கேட்கும் வேலையில் மறுபடி என்ஜினுக்குத் திரும்பிவிட்டது.

இரண்டு வகைச் சென்சார்கள் உண்டு. குறிப்பிட்ட என்ஜினின் நாக் அதிர்வெண்ணுக்கே இசைத்துச் செய்த பழைய வகை, அந்த ஒரு சுருதியை மட்டும் உரக்கச் சொல்லும். இப்போது பரவலாக உள்ளது அகன்ற பட்டை வகை; சில கிலோஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் அளவு வரை எல்லா அதிர்வையும் ஏறக்குறைய ஒரே நேர்மையோடு அனுப்பும். எது நாக், எது நாக் அல்ல என்று பிரிப்பது முழுக்கக் கணினியின் பொறுப்பு. புலனையும் புத்தியையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த கருவிகள் அதிகம் இல்லை.

பிரிப்பது எளிதல்ல. வால்வு மூடும் சத்தம், பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தம், இன்ஜெக்டரின் சொடுக்கு, செயின் உரசல் எல்லாம் அதே உலோகத்தில்தான் ஓடுகின்றன. கணினி மூன்று சல்லடைகளை வைத்திருக்கிறது. முதலில் காலம்: பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி கிராங்க் ஏறக்குறைய 60, 70 பாகை சுழலும் வரையே காது திறந்திருக்கும், நாக் வரக்கூடிய இடம் அதுதான். அடுத்து சுருதி: சிலிண்டர் விட்டம் தரும் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது ஒப்பீடு: அதே சிலிண்டர் அதே வேகத்தில் வழக்கமாக எழுப்பும் இரைச்சலின் சராசரியோடு இந்தச் சுற்றின் ஒலியை ஒப்பிடும். சராசரியை வரம்பு மீறித் தாண்டினால் நாக் என்று தீர்ப்பு. எந்தச் சிலிண்டரில் அப்போது பொறி விழுந்தது என்பது கணினிக்குத் தெரியும். அதில் மட்டும் பொறி விடும் நேரத்தைச் சில பாகை தாமதப்படுத்தும். நாக் நின்றதும் சிறு சிறு படிகளாகப் பழைய இடத்தை நோக்கி நகரும். நல்ல பெட்ரோல் போட்டால் முன்னேறும். நாக்கைத் தாங்கும் திறனான ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோலில், உயர் அழுத்த விகிதமுள்ள என்ஜின் வெயில் காலத்தில் அடிக்கடி பின்வாங்கும்.

மூன்று சல்லடைக்குப் பிறகும் பிழை நுழைகிறது. தளர்ந்த பிராக்கெட் ஒன்று தற்செயலாக அதே சுருதியில் அதிரலாம். ரேஸ் என்ஜினில் போடும் ஃபோர்ஜ்டு பிஸ்டன் குளிரில் தட்டும் சத்தம் நாக்கைப் போலவே கேட்கலாம். காட்டும் அடையாளம், காட்டப்பட வேண்டிய பொருள் இல்லாத இடத்திலும் தோன்றினால் அந்த ஏதுவை மணிமேகலையின் 29ஆம் காதை அநைகாந்திகம் என்ற போலி ஏதுவின்கீழ் வைக்கிறது. பௌத்த அளவை நூல் முறையை அறவண அடிகள் மணிமேகலைக்கு விளக்கும் பகுதி அது. பொய் நாக்கைக் கேட்ட கணினி வீணாகப் பின்வாங்கும், வண்டி மந்தமாகும். நட்டம் அவ்வளவுதான்.

மறுபக்கப் பிழைதான் ஆபத்தானது. ஒப்பீட்டுச் சல்லடையில் ஒரு பலவீனம் இருக்கிறது: எப்போதும் உள்ள சத்தம் ‘வழக்கம்’ ஆகிவிடுகிறது. என்ஜின் தேய்ந்து இரைச்சல் கூடினால் சராசரியும் கூடும். அந்த இரைச்சலுக்குள் உண்மையான நாக் மூழ்கிவிடலாம். தொடர்ந்து பல சுற்றுகளுக்கு நாக் அடித்தால் அந்த நாக்கே சராசரிக்குள் கலந்துவிடாதபடி நிரலாளர்கள் தனியாகக் காப்பு வைக்க வேண்டியிருக்கிறது. வேறொரு குறையும் உண்டு. சூடேறிய கரித்துண்டு பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்தாலும் கடைசியில் ஒலி ஏறக்குறைய அதேதான். பொறியைத் தாமதப்படுத்துவது அதற்கு மருந்தே அல்ல, ஏனென்றால் அங்கே பற்றவைத்தது பொறியே இல்லை. விளைவு ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகவே இருக்கும் என்று கணினி எண்ண முடியாது.

இனி, கேளாமை. தரையில் குடம் இல்லை என்பது எப்படித் தெரிகிறது? மீமாம்சை என்ற மரபைச் சேர்ந்த 7ஆம் நூற்றாண்டுக் குமாரில பட்டர், இல்லாமையை அறிய அனுபலப்தி என்ற தனி அளவை, அதாவது தனி அறியும் வழி, வேண்டும் என்றார். கண் தரையைத்தான் காண்கிறது; இல்லாத குடத்தோடு அதற்குத் தொடர்பு இருக்க முடியாது என்பது அவர் காரணம். நியாயவாதிகள் மறுத்து, இன்மையும் காட்சிக்குள்தான் அடங்கும் என்றனர். மீமாம்சையின் இன்னொரு பிரிவைத் தொடங்கிய பிரபாகரர், இன்மை என்று தனிப்பொருளே கிடையாது, வெறும் தரைதான் உண்டு என்றார். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தின் மூன்று ஏதுக்களில் ஒன்றாகக் கொண்டார். தமிழிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் இன்மையை அறியும் அபாவமும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவை இயலில் அதே பத்தையும் எடுத்துச் சொல்லி, அத்தனையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று முடித்தார். எண்ணிக்கையைப் பற்றிய சண்டை இன்று சற்று வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் சண்டையிட்ட தரப்புகளில் பல ஒரு நிபந்தனையில் ஒன்றுபட்டன. பயன் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டுமே, புலப்படாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சம் இருக்கிறது, கண் பழுதில்லை, மறைப்பு ஒன்றும் இல்லை, குடம் கண்ணுக்குத் தெரியும் பொருள்தான். இத்தனையும் நிறைவேறினால் ‘காணவில்லை, ஆகவே இல்லை’ என்பது செல்லும். இருட்டில் குடத்தைக் காணாதவன் அப்படிச் சொல்ல முடியாது. பிசாசைக் காணாதவனும் அதைக் கொண்டு பிசாசு இல்லை என்று நிறுவ முடியாது. பிசாசு கண்ணுக்குப் படாதது என்றுதான் அதை நம்புகிறவரே சொல்கிறார். இந்தத் தகுதியை நூல்கள் யோக்கியதை என்கின்றன.

சமய வாதம் இங்கே நுழைகிறது. கடவுளை யாரும் கண்டதில்லை, ஆகவே கடவுள் இல்லை என்ற வாதத்துக்கு நியாயவாதி உதயனர் தம் நியாயகுசுமாஞ்சலி நூலின் மூன்றாம் பகுதியில் பதில் சொல்கிறார். கடவுள் புலனுக்கு உட்படும் பொருளே அல்ல. தகுதி இல்லாத இடத்தில் புலப்படாமையைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. வெறும் காணாமையே இன்மை என்றால், கண்டதை மட்டுமே நம்பும் சார்வாகன் வீட்டைவிட்டு வெளியே போனதும் தன் மனைவி மக்கள் இல்லாமல் போனதாகக் கொண்டு அழ வேண்டியிருக்கும் என்று அவர் கேலியும் செய்கிறார். வியப்பு என்னவென்றால், அனுபலப்தியைத் தனி அளவையாக நிறுத்திய குமாரிலரே உலகைப் படைத்த கடவுளை ஏற்காதவர். முற்றுணர்ந்த மனிதர் என்று புத்தரையும் ஏற்காதவர். அவருக்கு 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் சாந்தரக்ஷிதர் கொடுத்த பதிலும் உதயனர் பதிலின் அச்சே: உமக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. ஆத்திகர் தம் கடவுளுக்கும் பௌத்தர் தம் புத்தருக்கும் ஒரே கேடயத்தை ஏந்தியிருக்கிறார்கள்.

அந்தக் கேடயம் பாதுகாக்கும், எதையும் நிறுவாது. எந்தச் சோதனைக்கும் அகப்படாது என்று ஒன்றை வரையறுத்துவிட்டால், அதை மறுப்பதற்கு மட்டுமல்ல, ஆதரிப்பதற்கும் புலன் சான்று எதையும் கொண்டுவர முடியாமல் போகிறது. உதயனருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் அந்த இடத்தில் நிற்காமல், உலகம் ஒரு விளைபொருள், விளைபொருளுக்குச் செய்பவன் வேண்டும் என்பது முதலான நேரடி வாதங்களை ஐந்தாம் பகுதியில் தனியாக அடுக்குகிறார். அவை வெல்கின்றனவா என்பது வேறு வழக்கு. கேளாமையை வைத்து மட்டும் இரு தரப்பும் வெல்ல முடியாது என்பது இங்கே போதும்.

நாக்கோ பிசாசு அல்ல. அது கேட்கக்கூடியது. ஆகவே சென்சாரின் மௌனத்தைச் சான்றாகக் கொள்ள, சென்சாருக்குக் காது கேட்கிறது என்பதை மட்டும் உறுதி செய்தால் போதும். கணினி இதை அழகாகச் செய்கிறது. ஓடும் என்ஜின் ஒருபோதும் முழு மௌனமாக இருக்காது. வேகம் கூடக்கூட இரைச்சல் கூடியே தீர வேண்டும். வேகம் ஏறியும் சென்சாரிலிருந்து வரும் ஒலி ஒரு குறைந்தபட்ச அளவை எட்டவில்லை என்றால், என்ஜின் அமைதியாக ஓடுகிறது என்று கணினி மகிழ்வதில்லை. காது போய்விட்டது என்று முடிவு செய்கிறது. சில வண்டிகளில் சென்சாருக்கு இணையாக உள்ள மின்தடையை அளந்து சுற்று அறுந்ததா என்று பார்ப்பதும் உண்டு. கோளாறு தெரிந்ததும் செக் என்ஜின் விளக்கை எரியவிட்டு, பி0325 முதல் பி0328 வரையுள்ள குறியீடுகளில் ஒன்றைப் பதிகிறது. வி வடிவ என்ஜினின் மறுவரிசைச் சென்சாருக்கு பி0330 தொட்டு. கூடவே எல்லாச் சிலிண்டர்களிலும் பொறி நேரத்தை நிலையாகப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. நாக் அடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. அடிக்கவில்லை என்றும் தெரியாது. அறியாமையை இன்மையாக எடுத்துக்கொள்ளாமல் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அதனால் பழுதான நாக் சென்சாரின் அடையாளம் பெரும்பாலும் நாக் சத்தம் அல்ல: பிக்கப் குறையும், மைலேஜ் குறையும், மேட்டில் வண்டி திணறும்.

இந்த ஏற்பாட்டை ஏமாற்றவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் என்ஜின்களில் அதை எட்டவே பெரிய வேலை. அதைத் தவிர்க்க, ஒயரின் முனையில் சரியான மின்தடை ஒன்றைச் சொருகிவிடுகிறவர்கள் உண்டு. சுற்றை மட்டும் சரிபார்க்கும் கணினிக்கு எல்லாம் நலமாகத் தெரியும், விளக்கு அணையும், பொறி நேரம் துணிச்சலாக முன்னேறும். இப்போது கணினியிடம் இருப்பது, தகுதியுள்ளதாக வேடமிட்ட செவிடு. காது கேட்காது என்று தெரிந்திருந்தபோது ஒதுங்கிப் போன கணினி, கேட்கிறது என்று தவறாக நம்பும்போதுதான் பிஸ்டனை உடைக்கிறது. மலிவான குறுக்குவழிகளில் இதைவிட மோசமானது அரிது.

ஓர் அறிவு சரியானது என்பது எப்படித் தெரியும் என்பதிலும் மீமாம்சையும் நியாயமும் பிரிகின்றன. மறுக்கும் காரணம் வரும்வரை எல்லா அறிவும் தன்னளவிலேயே மெய் என்பது மீமாம்சை. மெய்மை வெளியிலிருந்தே, அந்த அறிவை நம்பிச் செய்த செயல் பலிக்கிறதா என்பதைக் கொண்டே தெரியும் என்பது நியாயம். கணினி மீமாம்சகர்: கோளாறு புலப்படும்வரை சென்சாரை நம்புகிறது. மெக்கானிக் நியாயவாதியாக இருக்க வேண்டும்.

நாக் சென்சாருக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கெடு பொதுவாக எந்தப் பராமரிப்பு அட்டவணையிலும் இருப்பதில்லை. ஆயில் ஃபில்டரைப் போல அது நாளடைவில் தீர்ந்துபோகும் பொருளல்ல. பல என்ஜின்களில் என்ஜினின் ஆயுள் முழுக்க உழைக்கும். பழுது நிறுவப்பட்டால்தான் மாற்ற வேண்டும். குறியீடு வந்தது என்பது பழுது நிறுவப்பட்டதற்குச் சமமல்ல. பி0325 என்பது சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சுற்றில் சென்சார், கனெக்டர், ஒயர், அதன் கவசம், கணினி எல்லாம் இருக்கின்றன. கனெக்டரில் நீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம். இவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே சென்சாரைச் சந்தேகிக்கலாம். தயாரிப்பாளர் கையேடு தரும் மின்தடை அளவை மல்டிமீட்டரில் ஒப்பிட வேண்டும். மாடலுக்கு மாடல் அது மிகவும் மாறும். மின்தடை சரியாக இருப்பது வில்லைக்குக் காது கேட்கிறது என்று காட்டாது. அதற்கு ஆஸிலோஸ்கோப்பை இணைத்து, சென்சாருக்கு அருகே பிளாக்கை லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அலை எழும்பினால் காது உயிரோடு இருக்கிறது.

நாக் உண்மையிலேயே கேட்கிறது, குறியீடு எதுவும் இல்லை, ஸ்கேனரில் பொறி நேரம் பின்வாங்குவதும் தெரிகிறது என்றால், சென்சார் தன் வேலையைச் செய்கிறது. அப்போது அதை மாற்றுவது செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது. ஆக்டேன் குறைந்த பெட்ரோல், அறைக்குள் படிந்த கரி, என்ஜின் அதிகச் சூடு, காற்று மிகுந்த கலவை, தவறான வெப்ப எண்ணுள்ள ஸ்பார்க் பிளக் ஆகியவற்றில் தேட வேண்டும்.

சென்சார் உண்மையில் சாவதும் உண்டு. வருடக்கணக்கான வெப்பமும் அதிர்வும் வில்லையில் விரிசல் விடும், கீழே விழுந்தாலும் விரியும், நீர் இறங்கும். செவ்ரலேவின் எல்எஸ்1 வகை என்ஜின்களில் இரண்டு சென்சார்களும் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், மேனிஃபோல்டுக்கு அடியில் குழிகளில் அமர்ந்திருந்தன. அந்தக் குழிகளில் நீர் தேங்கி அவை துருப்பிடிப்பது அந்த என்ஜினை அறிந்தவர்களுக்குப் பழகிப்போன கதை. அத்தகைய அமைப்புகளில் ஒன்று போனால் இரண்டையும், முடிந்தால் ஒயர் தொகுப்பையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். நல்ல சென்சாரை மாற்றுவது வீண்தான். ஆனால் மேனிஃபோல்டை மறுபடி கழற்றும் கூலி அந்த வீணைவிடப் பெரிது. மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும்.

பொருத்தும் முறை இந்தக் கருவியில் அலங்கார விஷயமல்ல. பிளாக்கின் அதிர்வு சென்சாருக்கு எவ்வளவு எட்டும் என்பது போல்ட் தரும் இறுக்கத்தைப் பொறுத்தது. அது மாறினால் கேட்கும் அளவே மாறிவிடும். அகன்ற பட்டை வகைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அளவு 20 நியூட்டன் மீட்டர். தளர்வாக விட்டால் சென்சார் பாதிச் செவிடு. அளவு மீறி முறுக்கினால் சென்சாரே கெடலாம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. பிளாக்கின் பரப்பைத் துரு, பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, உலோகம் உலோகத்தில் நேரே படும்படி வைக்க வேண்டும். நடுவே வாஷர் வைக்கக் கூடாது. ஒயர் எங்கும் உரசாமல், இழுபடாமல் போக வேண்டும். அதன் கவசம் கிழிந்திருந்தால் இக்னிஷன் காயிலின் மின்னிரைச்சல் உள்ளே ஏறும்.

பிறகு குறியீட்டை அழித்து, என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் மேடான சாலையில் பளு கொடுத்து ஓட்டி ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். பழைய சென்சார் செத்திருந்த நாட்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்த பொறி நேரம் இப்போது மெல்ல முன்னேறும். எல்லையைத் தொடும் இடத்தில் ஓரிரு பாகை பின்வாங்கி மறுபடி ஏறும். சாதாரணப் பெட்ரோலில், முழுப் பளுவில் இந்தச் சிறு பின்வாங்கல் அவ்வப்போது தெரிந்தால் வேலை முடிந்தது. எவ்வளவு அழுத்தி ஓட்டியும் அது பூஜ்யத்திலேயே நின்றால், வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பிளாக்கை இன்னொரு முறை தட்டிப் பார்ப்பது நல்லது.